பால்குடம் சத்தமில்லாமல் போன தெரு

கோழி இறகால் கதவுக் கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

அரியலூர் அரசாங்க ஆஸ்பத்திரியில், மற்ற வார்டுகளிலிருந்து தள்ளி, தெருப் பக்கமாக ஒரு தனி அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். உள்ளே என் மனைவி பாக்கியம் படுத்திருந்தாள். கதவு ஒரு தடவை கிறீச்சிட்டால் போதும், அவள் உடம்பு வில்லாக வளைந்துவிடும்.

"மேல் கீலுக்கும் விடுங்க" என்று காதோடு காதாகச் சொன்னார் ரோசலின் சிஸ்டர். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவர். உள்ளே வரும்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். மருந்து டம்ளருக்கு அடியில்கூடத் துணி சுற்றி வைத்திருந்தார்.

மேல் கீலுக்கும் விட்டேன். திறந்து மூடிப் பார்த்தேன். சத்தமில்லை. பார்த்துவிட்டு சிஸ்டர் தலையசைத்தார். சத்தமே வராமல் ஒரு வேலையைச் செய்து முடித்ததற்காக என்னை ஒருவர் மெச்சியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சத்தம்தான் எங்கள் சோறு

இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மைக் செட் கடை வைத்திருந்தேன். நானும் ஜபருல்லாவும் கூட்டு. அவன் லப்பைக்குடிகாட்டுக்காரன். அண்ணன் தம்பியெல்லாம் வளைகுடாவுக்குப் போய்விட, "எனக்கு அந்த மணலு வேணாம் மாப்ள" என்று இங்கேயே தங்கிவிட்டவன்.

காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், தேர், மாதா கோயில் சப்பரம், பள்ளிவாசல் என்று நாங்கள் ஸ்பீக்கர் குழாய் கட்டாத இடம் கிடையாது. பாடாலூரில் குழாய் கட்டினால் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கடவுளுக்கே காது கொஞ்சம் மந்தம் என்பதுபோலத்தான் எல்லாரும் எங்களிடம் வேலை வாங்கினார்கள். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் குறையில்லை. சத்தம் சந்தோஷமான பொருள். நன்றாகவே விற்றோம்.

ஆனால் பாக்கியம் வேறு மாதிரி. ஆடி வெள்ளியென்றால் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு இருப்பாள். விரதம் என்று யாரிடமும் சொல்ல மாட்டாள். எனக்குச் சோறு போடும்போதுதான் எனக்கே தெரியும்.

"வயித்தைக் காயப் போட்டா சாமி வந்துடுமா?" என்று கேலி செய்வேன்.

"வரும்னு யாரு சொன்னா? நீங்க ரசத்தை ஊத்திக்குங்க" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

லப்பைக்குடிகாட்டுப் பள்ளிவாசலில் நோன்பு மாதத்துக்குக் குழாய் கட்டப் போயிருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், முன்னே கஞ்சிக் கோப்பையும் கையில் பேரீச்சம்பழமுமாக ஊரே வரிசையாக உட்கார்ந்திருக்கும். பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். பசித்த கூட்டம் கூச்சல் போடும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே ஒரு சின்ன முணுமுணுப்பு மட்டும் இருக்கும். பிறகு அதுவும் அடங்கிவிடும்.

"அந்த நேரத்துல என்னாய்யா கேப்பே?" என்று ஜபருல்லாவைக் கேட்டேன்.

"கேக்கணும்னுதான் உக்காருவேன். பாதி நாளு என்னா கேக்க வந்தோம்கிறதே மறந்துபோயிடும்" என்று சிரித்தான். அவன் எதையும் அப்படித்தான் சொல்வான். நானும் சிரித்துவிட்டு ஒயரைச் சுருட்டினேன்.

ஒரு முள்

எழுபதுகள் முடிகிற சமயம். ஆடித் திருவிழாவும் நோன்பு மாதமும் ஒன்றாகச் சேர்ந்து வந்த வருஷம். அரியலூரில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்களைப் பிடித்திருந்தார்கள். நான் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே முந்திரிக்காட்டில் சுள்ளி பொறுக்கும்போது குதிகாலில் வேலிக்கருவை முள் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு விளக்கெண்ணெய் தடவியிருக்கிறாள். கிராமத்தில் முள் குத்தாத கால் எது?

ஒரு வாரம் கழித்துக் காலையில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவளால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்வலி என்று கிராம்பு வைத்தார்கள். கழுத்து விறைத்தது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தார்கள். மத்தியானம் அவள் அண்ணன் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அரியலூருக்குக் கொண்டுவந்து சேர்த்தான். நான் போனபோது அவளைப் படுக்கையில் கிடத்தியிருந்தார்கள். ஒரு வார்டு ஆள் தட்டைக் கீழே போட்டார். அந்தச் சத்தத்துக்கு அவள் முதுகு கட்டிலைவிட்டு எழும்பி வளைந்ததை என் கண்ணால் பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பு. அது சிரிப்பில்லை, தசை இழுப்பு என்று பிறகுதான் சொன்னார்கள்.

"ரண ஜன்னி, டெட்டனஸ்" என்றார் டாக்டர். என்னைவிட வயதில் இளையவர். "தஞ்சாவூருக்கு அனுப்பலாம். ஆனா ரோட்டுக் குலுக்கலைத் தாங்க மாட்டாங்க. மருந்து குடுத்திருக்கோம். இனிமே வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொடக்கூடாது. பெரிசா இன்னொரு இழுப்பு வந்து மூச்சை அடைச்சுதுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"நெனவு இருக்குங்களா சார்?"

"முழுசா இருக்கு. இந்த வியாதியில அதுதான் கஷ்டம்."

பேரம்

மூக்கு வழியாகக் குழாய் விட்டு அவளுக்குக் கஞ்சித் தண்ணீர் செலுத்தினார்கள். ஓரத்தில் ஒரு முக்காலியில் நான் இருக்கலாம் என்று சிஸ்டர் அனுமதித்தார். அதற்கு நிபந்தனை உண்டு.

"பேசணும்னா வெளிய போயிடுங்க. அழணும்னாலும் வெளிய போயிடுங்க. உள்ள இருந்தா சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அந்த முக்காலியில்தான் தெரிந்துகொண்டேன். கையைப் பிடிக்க முடியாது. "நான் இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இருட்டில் அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரயில் ஊதினால் அவள் கால் விரல்கள் மடங்கும். காக்கை கத்தினால் கழுத்து இழுக்கும். உலகத்தில் இவ்வளவு சத்தம் இருக்கிறதா என்று அதிசயமாக இருந்தது.

முதலில் நான் செய்ததெல்லாம் பேரம். மாரியம்மனுக்குக் குழாய் வாங்கி வைக்கிறேன் என்றேன். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவர்த்தி என்றேன். மொட்டை போடுகிறேன், அங்கப்பிரதட்சணம் செய்கிறேன், சிகரெட்டை விடுகிறேன். மனசுக்குள் நான் வைத்த வேண்டுதல்களை ஆம்ப்ளிஃபயரில் போட்டிருந்தால் ஜில்லா முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு சாமியும் பதில் சொல்லவில்லை. கொடுப்பதாகச் சொல்ல என்னிடம் வேறு பொருளும் இல்லாமல் போயிற்று.

சாப்பாடும் இறங்கவில்லை. அவள் வாய் பூட்டிக் கிடக்கும்போது என் வாயைத் திறந்து இட்லியை உள்ளே தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜபருல்லா திருவிழா வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியோடு வருவான். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்காருவோம். தூரத்தில் பாங்குச் சத்தம் வந்ததும் அவன் பழத்தைப் பிட்டுப் பாதியை எனக்குக் கொடுப்பான்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலையா?"

"இல்ல."

"அப்ப நீயும் நோன்புதான். நிய்யத்துன்னு மனசுல உறுதி வைக்காத நோன்பு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது பாய். பசிக்குது, ஆனா பசி தொந்தரவு பண்ணல. அவகூட இருக்கிற மாதிரி இருக்கு."

அவன் கஞ்சியை என் பக்கம் நகர்த்தினான்.

மறுநாளிலிருந்து தெரிந்தேதான் சாப்பிடாமல் இருந்தேன். எதையும் வாங்குவதற்காக இல்லை. வேண்டுதல் தீர்ந்துபோன பிறகு மனசில் ஒரு காலியிடம் கிடந்தது. அதில் எதையும் போட்டு அடைக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வயிறு காலியாக இருந்தது அதற்கு ஒத்தாசையாக இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சு வருவதையும் போவதையும் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் கேட்கிறவன் நான் என்பதுகூட நினைவில் இல்லை. அதைப் பிரார்த்தனை என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது தைரியமாகச் சொல்வேன், அதுதான் பிரார்த்தனை.

"அம்மாவை ஊமையா கூட்டிக்கிட்டு வரதா?"

அந்த அமைதியில் இருக்கும்போதுதான் சிஸ்டர் வந்து என்னை வெளியே அழைத்தார்.

"நாளைக்குக் காலையில பால்குடம் இந்தத் தெரு வழியாத்தான் வருதாம். பம்பை, உடுக்கை, அதிர்வேட்டு எல்லாம் உண்டாம். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாதா? முக்காலியில் உட்கார்ந்ததிலிருந்து நாள் கணக்குத்தான் மறந்துபோயிருந்தது. பால்குடத்தன்றைக்குப் போடுவதற்காக அந்தத் தெரு மரங்களில் குழாய் கட்டியதே நாங்கள்தான். குளத்திலிருந்து கோயிலுக்குப் போக வேறு பாதையும் கிடையாது.

நேராகத் திருவிழாக் கமிட்டித் தலைவர் வைத்திலிங்கத்தின் உரக்கடைக்குப் போனேன். ஜபருல்லாவும் வந்தான். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். காப்புக் கட்டி மஞ்சள் புடவை உடுத்திய பெண்கள் சிலர் பால்குடத்துக்குப் பேர் கொடுக்க வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க மைக்கை நீங்க நிறுத்திக்குங்க. அது உங்க சாமான்" என்றார் வைத்திலிங்கம். "மேளத்தை எப்படிங்க நிறுத்துறது? அம்மாவை ஊமையா கூட்டிக்கிட்டு வரதா? நடுவழியில கொட்டு நின்னா ஊருக்கு ஆவாதும்பாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் கேப்பாங்க."

"அந்தத் தெரு ஒண்ணு தாண்டுற வரைக்கும்தாங்க."

"பாவந்தான், இல்லேங்கல. ஒரு உசுருக்காகப் பாக்குறதா, ஊருக்காகப் பாக்குறதா, சொல்லுங்க?"

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்த மனிதர். அப்போது மஞ்சள் புடவைகளிலிருந்து ஒரு குரல் வந்தது. அஞ்சலை என்ற பெண், சந்தையில் கீரை விற்பவள்.

"அண்ணே, போன வருசம் எம் மவன் அலகு குத்திக்கிட்டு வந்தான். கொளத்துலேருந்து கோயிலு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அம்மா கோவிச்சுக்கிட்டாளா?"

"அது வேற ஆத்தா."

"என்னா வேற? நாங்க வெரதம் இருக்கிறது கொட்டுக்கா, அவளுக்கா? அந்தத் தெரு தாண்டுற மட்டும் எல்லாரும் நாக்குல அலகு குத்துனதா நெனைச்சுக்கிட்டு வரோம்."

"நீ வருவே. அருள் வந்தவன் கத்துனா?"

"அது அவ பாடு. நம்ம பாட்டை நாம பாப்போம்."

வைத்திலிங்கம் முகத்தைத் துண்டால் துடைத்தார். "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஜபருல்லா நேராக ஆஸ்பத்திரித் தெருவுக்குப் போய் மரத்தில் ஏறினான். பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத ஆள், அந்த வெயிலில் அங்கிருந்த குழாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினான்.

"நம்ம பாட்டை நாம பாத்தாச்சு" என்றான்.

கொட்டு நின்ற இடம்

மறுநாள் காலையில் பம்பைச் சத்தம் தூரத்தில் கிளம்பியபோது சிஸ்டர் பாக்கியத்தின் காதில் பஞ்சு வைத்தார். ஊசியை முன்கூட்டியே போட்டார். டாக்டர் வந்து சுவரோரமாக நின்றுகொண்டார். நான் முக்காலியில் உட்கார்ந்தேன்.

சத்தம் நெருங்கி வந்தது. அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்ல எனக்கு யாரும் வேண்டாம். சந்தைக்கடை தாண்டியது. பிள்ளையார் கோயில் வந்தது. உடுக்கை தனியாகக் கேட்க ஆரம்பித்தது. பாக்கியத்தின் கால் விரல்கள் மடங்கின. கெண்டைக்கால் இறுகியது. டாக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

என்ன வேண்டிக்கொண்டேன் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை. காப்பாற்று என்றுகூடச் சொல்லவில்லை. பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கும் கீழே ஏதோ ஒன்று அசையாமல் இருந்தது. பாத்திரத்தில் தெளிந்து நிற்கிற தண்ணீர் மாதிரி. நடப்பது எதுவானாலும் நான் இங்கிருந்து எழுந்து போகப்போவதில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

தெருமுனையில் கொட்டு நின்றது.

பிறகு காலடிகள். நூற்றுக்கணக்கான வெறுங்கால்கள் புழுதியில் நடக்கிற சத்தம். அதைச் சத்தம் என்றே சொல்ல முடியாது. புடவைகள் உரசின. ஒரு குழந்தை சிணுங்கியது, உடனே யாரோ அதைத் தோளில் அமுக்கிக்கொண்டார்கள். குலவை இல்லை, கோஷம் இல்லை. கறுப்புத் துணியின் ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி இருந்தது. அதில் மஞ்சள் போய்க்கொண்டே இருந்தது. வேப்பிலை வாசனையும் பால் வாசனையும் அறைக்குள் வந்தன.

ரோசலின் சிஸ்டர் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுத்த முனைக்கும் அப்பால், வெகு தூரத்தில் பம்பை மறுபடி எழுந்தபோது பாக்கியத்தின் கெண்டைக்கால் தளர்ந்திருந்தது.

தெருமுனையில் நடந்ததைப் பிறகு ஜபருல்லா சொன்னான். கொட்டுக்காரர்கள் நிறுத்தாமல்தான் வந்திருக்கிறார்கள். அஞ்சலை தலையில் குடத்தோடு முன்னால் போய் நடுத்தெருவில் நின்றுவிட்டாளாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவளுக்குப் பின்னால் பால்குடம் தூக்கிய பெண்களெல்லாம் நின்றார்கள். கொட்டுக்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிய பிறகுதான் அவள் நகர்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வைத்திலிங்கம், வேட்டுக்காரர் கையிலிருந்த திரியை வாங்கி மண்ணில் புதைத்தாராம். நடுவில் ஒருவருக்கு அருள் வந்திருக்கிறது. உடம்பெல்லாம் ஆடியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

வாய் திறந்த நாள்

அதற்கப்புறமும் பல நாள் போராட்டம்தான். ஒரே நாளில் குணமாகிவிட்டதாகக் கதை கட்ட மாட்டேன். மருந்து வேலை செய்தது. சிஸ்டர் வேலை செய்தார். டாக்டர் தூங்காமல் பார்த்தார். ஊர் வாயை மூடிக்கொண்டு இருந்தது, அதுவும் வேலை செய்தது. இதில் எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆவணி பாதியில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு அவள் பல் திறந்தது. சிஸ்டர் கரண்டியில் கஞ்சி கொடுத்தார். அவள் விழுங்கினாள். அன்றைக்கு நானும் பகலில் சாப்பிட்டேன்.

பேச்சு வந்த பிறகு ஒரு நாள் ஜன்னல் துணியை எடுத்துவிட்டார்கள். வெயில் கட்டிலில் விழுந்திருந்தது.

"அன்னைக்கு அம்மா போனப்ப எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். "வேட்டுப் போடுவாங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன். போடல. வேப்பிலை வாசம் வந்துச்சு."

"ம்."

"நீங்க என்னா வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் வேண்டிக்கல பாக்கியம்."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நானுந்தான்" என்றாள்.

மறு வருஷம்

அடுத்த ஆடியில் பாக்கியம் பால்குடம் எடுத்தாள். நேர்த்திக்கடனா என்று கேட்டேன். "இல்ல, அவங்களோட சேந்து நடக்கணும்னு ஆசை" என்றாள். நானும் காப்புக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து வெறும் வயிற்றோடு கூடவே நடந்தேன். பம்பை பிளந்துகட்டிக்கொண்டு போயிற்று. முன்னால் வைத்திலிங்கம்.

ஆஸ்பத்திரித் தெருமுனை வந்தது. நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. அந்த வருஷம் அங்கே எங்களுக்கு வேண்டியவர் யாரும் படுத்திருக்கவும் இல்லை. அவர் திரும்பி நின்று வலது கையைத் தூக்கினார். கொட்டு நின்றது. கூட்டம் அடங்கியது.

கொட்டுக்காரர்களில் ஒருவர் வெளியூர் ஆள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்திலிங்கத்தின் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"உள்ள யாருங்க இருக்காங்க?"

"யாராச்சும் இருப்பாங்கல்ல" என்று சொல்லிவிட்டு, வைத்திலிங்கம் செருப்பில்லாத காலால் புழுதியில் மெல்ல முன்னே நடந்தார்.